டிக்கெட் விலை வேறு, வாசல் கணக்கு வேறு

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பதினேழு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், சிட்டா, ஆதார் திருத்தம், பாஸ்போர்ட் விண்ணப்பம், இவற்றோடு விமான டிக்கெட்டும் போட்டுத் தருவேன். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, வடுவூர், ஒரத்தநாடு என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் வருவார்கள். முன்பெல்லாம் பத்துக்கு ஒன்பது பேர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வேலைக்குப் போகிறவர்கள். மிச்சம் ஒருவர், அங்கே பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்குப் பத்தியம் பொங்கிப் போடப் போகும் அம்மா. சுற்றுலாவுக்கு என்று யாராவது வந்து நின்றால் அன்றைக்குக் கடையில் அதுதான் பேச்சு.

இப்போது அப்படியில்லை. சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் மாசி, பங்குனியில் போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். திரையில் ஒரு நீச்சல் குளம், அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று வயல், நடுவில் ஒரு ஊஞ்சல். "அக்கா, இந்த வீட்ல நாலு நாள் தங்கணும். டிக்கெட் ஏழாயிரம்னு போட்டிருக்கான். மொத்தமா என்ன ஆகும்?"

அந்த ஏழாயிரத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "உங்க வீட்டு வாசல் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பேன். சிரிப்பார்கள். ஆனால் கணக்கு அங்கேதான் தொடங்க வேண்டும். உங்கள் வாசலில் பெட்டியைத் தூக்கும் நிமிஷத்திலிருந்து, போய்த் தங்கும் வீட்டின் வாசலில் அதை இறக்கும் வரைக்கும், அப்புறம் அதே வழியில் திரும்பி உங்கள் திண்ணையில் வந்து உட்காரும் வரைக்கும் ஆகிற காசும் மணி நேரமும்தான் விலை. இணையத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது அதில் ஒரு துண்டு.

போன வருஷம் மே மாதம் நாங்களே ஒன்பது பேர் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போய் வந்தோம். அப்பா, அம்மா, நான், எங்க வீட்டுக்காரர், எங்கள் பிள்ளைகள் இருவர், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மூன்று வயசுப் பெண். ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டவள் தனக்கென்று போட்டுக்கொண்ட முதல் டிக்கெட் அதுதான். செய்யாதீர்கள் என்று ஊருக்குச் சொன்னவற்றில் இரண்டை நானே செய்துவிட்டு வந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. திருச்சி விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2008 டிசம்பரில் ஏர்ஏசியா கோலாலம்பூரிலிருந்து இந்தியாவுக்கு விமானம் விட்டபோது, டெல்லி, மும்பைக்கெல்லாம் போகாமல் முதலில் வந்து இறங்கியது திருச்சியில்தான். நம் ஊர் ஆட்களின் போக்குவரத்து அவ்வளவு இருந்தது. இன்றைக்கு அங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று போகலாம். 2024-இல் புது முனையமும் திறந்துவிட்டார்கள். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். வண்டியில் ஏறி, வாழவந்தான்கோட்டை டோலைத் தாண்டினால் வந்துவிட்டது என்று பேர்.

இருந்தும், சென்னையிலிருந்து டிக்கெட் மலிவாகத் தெரியும். எங்களுக்கும் தெரிந்தது. தலைக்கு 1,800 ரூபாய் குறைவு, ஒன்பது பேருக்கு 16,200. தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. "அக்கா, மன்னை எக்ஸ்பிரஸ்ல ஏறுனா காலைல தாம்பரம், அங்கேர்ந்து திரிசூலம், ரோட்ட தாண்டுனா ஏர்போர்ட்." பாதை சரிதான். ஆனால் விமானம் ராத்திரிக்குத்தான். காலையில் இறங்கும் ஒன்பது பேர் பகல் முழுக்க எங்கே கிடப்பது? லாட்ஜில் இரண்டு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ரயில் கட்டணம் போக வர, திரும்பும்போது ரயில் நேரத்துக்கு விமானம் வராது என்பதால் இன்னொரு அரை நாள். எல்லாம் கூட்டியபோது 16,200-இல் மிச்சம் மூவாயிரம். அந்த மூவாயிரத்துக்காக அம்மாவின் முழங்காலை இரண்டு ராத்திரி ரயிலில் மடக்கிவைக்க வேண்டுமா என்று கேட்டேன். தம்பி பேசவில்லை. தனியாளாகப் போகும் இளவட்டம் என்றால் சென்னைக்கே போகட்டும். முதுகில் ஒரு பை, மிச்சம் முழுசாகக் கையில் நிற்கும். குடும்பத்தோடு போனால் திருச்சி.

டிக்கெட் தேடுவதில் ஒரு நுணுக்கம். ஒன்பது பேருக்கும் சேர்த்துத் தேடாதீர்கள். ஒரே விமானத்தில் ஒரே மாதிரி இருக்கைகளை அடுக்கடுக்காக வெவ்வேறு விலைக்கு வைத்திருப்பார்கள். மலிவு அடுக்கில் நாலு இருக்கைதான் மிச்சம் என்றால், ஒன்பது என்று கேட்டவுடன் தளம் ஒன்பதுக்கும் அடுத்த அடுக்கு விலையைக் காட்டும். நாலு மலிவு இருக்கை இருந்த சேதியே உங்களுக்குத் தெரியாது. முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், அப்புறம் இரண்டு, நாலு, ஐந்து என்று கூட்டிக்கொண்டே போங்கள். விலை எங்கே எகிறுகிறதோ அங்கே பிரித்துப் போடுங்கள். எங்களுக்கு நாலும் ஐந்துமாகப் பிரித்துப் போட்டதில் நாலாயிரத்துச் சொச்சம் குறைந்தது. பிரிக்கும்போது சிறு பிள்ளை இருக்கும் பதிவிலேயே தாயோ தகப்பனோ இருக்கட்டும். விமான நேரம் மாறினால் இரண்டு பதிவிலும் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதையும் மனசில் வையுங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி தேடினால் மலிவு, போனில் பழைய தேடலை அழித்தால் மலிவு என்பதெல்லாம் எனக்குப் பலித்ததில்லை. பள்ளிக்கூடம் விடும் வாரத்தை விட்டு ஒரு வாரம் தள்ளிக் கிளம்புவது பலித்திருக்கிறது.

இனி தேதி. என் தொழிலில் நான் பட்ட பெரிய அடி இதில்தான்.

திருச்சியிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் விமானங்கள் பல நடுராத்திரியை ஒட்டிக் கிளம்புகிறவை. கடை தொடங்கிய புதிதில், ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவருக்குச் சிங்கப்பூர் டிக்கெட் போட்டேன். 15-ஆம் தேதி, 00.25 மணி. அச்சடித்துக் கையில் கொடுத்து, "பதினஞ்சாந் தேதி ராத்திரி ஃபிளைட்டு, ஐயா" என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் 15-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு, மகளுக்கு முறுக்கும் அதிரசமும் சுமந்துகொண்டு, விமான நிலையத்துக்குப் போயிருக்கிறார். விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. நம் கணக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கமே அப்படித்தான் சொல்கிறது. கம்ப்யூட்டருக்கோ பன்னிரண்டு அடித்தால் மறுநாள். அவர் மேல் என்ன தப்பு? பாதிக் காசை என் கையிலிருந்து போட்டுப் புது டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து ராத்திரி டிக்கெட் எதை அச்சடித்தாலும் சிவப்புப் பேனாவால் மேலே எழுதிவிடுவேன்: "14 திங்கட்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பணும்." வில்லா, அதாவது குளத்தோடு முழுசாக வாடகைக்கு விடும் வீடு, அதன் பதிவிலும் இதே தப்பு வரும். 15 விடியற்காலை கிளம்புகிறவருக்கு 14 ராத்திரி அங்கே அறை தேவையில்லை, 15 ராத்திரிதான் தேவை. ஒரு நாள் வாடகை இப்படி வீணாய்ப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் பெயர். வடநாட்டுக்காரனுக்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் பலருக்கு ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். டிக்கெட் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. அப்போது ஆளாளுக்கு மனம்போன போக்கில் இனிஷியலைப் போடுவது, ஊர்ப் பெயரைப் போடுவது, அங்கேதான் வம்பு. ஒற்றைப் பெயருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தந்த நிறுவனமே தன் தளத்தில் எழுதியிருக்கும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு குறி சொல்வார்கள். அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். துபாய்ப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டிலேயே தகப்பனார் பெயர் இருந்தால் விட்டார்கள். புதுப்பிக்கிறபோதே அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அதனால்தான்.

பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாசமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் டிக்கெட் போட்ட பிறகுதான் பார்ப்பார்கள். அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது குடியேற்றச் சரிபார்ப்பு தேவை என்று இருந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு வருவது. சுற்றுலாவுக்கு அது தடையில்லை, வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் தனி அனுமதி வேண்டும். ஆனாலும் குடியேற்றக் கவுன்டரில் கேள்வி கேட்பார்கள், திரும்பும் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் பதிவும் அச்சில் கையில் இருக்கட்டும். ஐம்பது வயசு தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது இசிஆர் இல்லாமலே வாங்கலாம். அம்மாவுக்கு அப்படித்தான் மாற்றினோம்.

டிக்கெட்டை யார் போட்டாலும் சரி, நானே போட்டாலும் சரி, உங்கள் போன் எண்ணும் உங்கள் மின்னஞ்சலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு விமானங்கள் நேரத்தை மாற்றுவது சகஜம். சேதி பதிவில் இருக்கிற மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஒரு தடவை ஒருவருடைய விமானத்தை நாலு மணி நேரம் முன்னதாக மாற்றிய சேதி என் அஞ்சல் பெட்டியில் இரண்டு நாள் தூங்கியது. நல்லவேளை, விழித்துக்கொண்டேன்.

மூட்டை முடிச்சு. மலிவு டிக்கெட்டில் கையில் எடுத்துப் போக 7 கிலோ, சில நிறுவனங்களில் 10. அதுவும் பெட்டி, தோள்பை இரண்டும் சேர்த்து. அடியில் போகும் பெட்டிக்குத் தனிக் காசு, அதை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் ஒரு விலை, கவுன்டரில் போய் வாங்கினால் கண்ணீர் வரும் விலை. ஒன்பது பேருக்கும் வாங்க வேண்டாம். நாங்கள் மூன்று பேர் பேரில் தலா 20 கிலோ வாங்கி எல்லாத் துணியையும் அதில் திணித்தோம். எடை பார்க்க எங்கள் வீட்டில் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்பா நாற்பது வருஷம் நெல் மூட்டை தூக்கியவர். ஒவ்வொரு பையையும் ஒரு கையால் லேசாகத் தூக்கி, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, "ஏழே முக்கால்" என்பார். தம்பிக்கு நம்பிக்கை இல்லை. எதிர் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தான். 7.8. அதற்குப் பிறகு அவன் தராசுக்குப் போகவில்லை. பையில் இருந்த புளிக்காய்ச்சல் டப்பாவை மட்டும் வெளியே எடுத்தான்.

சாப்பாட்டுச் சாமான் பற்றி விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். கசகசா. நம் மசாலாப் பொடியில் சாதாரணமாகச் சேர்ப்பது, சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப் பொருள் கணக்கில் வரும். வழியில் விமானம் மாறும் நாடுகளையும் சேர்த்து யோசியுங்கள். அம்மா வீட்டில் இடித்த குருமாப் பொடியை நான் கடைசி நேரத்தில் பிடுங்கி வைத்தேன், இரண்டு நாள் பேசவில்லை. சிங்கப்பூருக்கு மெல்லும் புகையிலையும் கூடாது. வெற்றிலை போடும் பெரியவர்களின் சுருக்குப்பையைத் தட்டிப் பார்த்துவிடுங்கள். கொப்பரைத் தேங்காய் இந்திய விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். ஊறுகாய் கைப்பையில் போகாது, அடிப்பெட்டியில் நன்றாகக் கட்டிப் போகும். அப்பளம், வடகம், மோர்மிளகாய்க்கு எங்கேயும் எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கோலாலம்பூரில் மாறிப் போகிறவர்கள், இரண்டு பயணமும் ஒரே பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாகப் போட்டால் ஆயிரம் இரண்டாயிரம் குறையும். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரனுக்கு உங்களோடு ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. போனது போனதுதான். அதோடு பெட்டியை வெளியே எடுத்து, மலேசியாவுக்குள் நுழைந்து, மறுபடி கொடுத்து ஏற வேண்டும். முதல் முனையத்துக்கும் இரண்டாம் முனையத்துக்கும் நடுவே ரயிலேறிப் போக வேண்டும். இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் விசா இல்லாமல் விடுகிறது. அந்தச் சலுகை 2026 முடிய. ஆனால் வருகைக்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்பியிருக்க வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. இப்படித் தனித்தனியாகத்தான் போவேன் என்றால் நடுவில் ஒரு ராத்திரி கோலாலம்பூரில் தங்கிவிடுங்கள். பத்துமலை பார்த்த மாதிரியும் ஆச்சு.

இப்போது வில்லா.

முதலில் யாருக்கு இது என்று சொல்லிவிடுகிறேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் போனால் வில்லா வெட்டிச் செலவு, நல்ல ஓட்டலில் தங்குங்கள். கூட்டுக் குடும்பமாக ஏழு, எட்டு பேர் போகும்போதுதான் வில்லா நமக்கு வசதி. ஓட்டலில் நாலு அறை நாலு திசையில் கிடக்கும். குழந்தை ஒரு அறையில் அழும், பால் இன்னொரு அறையில் இருக்கும். வில்லாவில் நடுக்கூடம் உண்டு. அடுப்பு உண்டு. அம்மா காலையில் காபி போட்டுவிட்டால் பாதி ஊர் பிரச்சினை தீர்ந்தது.

வாடகையைப் பாருங்கள். எங்களுக்குக் காட்டிய விலை ஒரு ராத்திரிக்கு 14,000 ரூபாய், நாலு படுக்கையறை. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனபோது 18,000. சுத்தம் செய்யும் கட்டணம், தளத்தின் கட்டணம், வரி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பாலியில் உணவகம், தங்குமிடம் இரண்டிலும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம், இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 21 சதவீதம் வரும். 18,000-ஐ ஒன்பதால் வகுத்தால் தலைக்கு ராத்திரிக்கு 2,000. அந்த விலைக்குச் சரி என்று ஒத்துக்கொண்டேன். எப்போதும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்து, அந்தத் தொகையைத் தலை எண்ணிக்கையால் வகுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். அகலக் கோண லென்ஸில் எடுத்தால் எங்கள் கடையும் மாளிகைதான். விருந்தினர்கள் எழுதியதைப் படியுங்கள், அதிலும் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவன் எழுதியதைப் படியுங்கள். ஐந்து கொடுத்தவன் தேனிலவுக்குப் போனவன், அவனுக்கு எல்லாமே அழகு. ஒன்று கொடுத்தவன் யாரோடோ சண்டை போட்டவன். மூன்று கொடுத்தவன்தான் "மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை", "சமையலறை திறந்தவெளி, ராத்திரி கொசு" என்று உண்மையை எழுதுகிறான். பாலி வில்லாக்களில் சமையலறையும் கூடமும் சுவரில்லாமல் திறந்து கிடப்பது வழக்கம். குளத்தைச் சுற்றி வேலி இருக்காது. மூன்று வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு முதல் நாள் முழுக்க நாங்கள் முறைபோட்டுக் காவல் காத்தோம்.

என் முதல் தப்பு இங்கேதான். வில்லாக்காரர் "சாலையிலிருந்து மூன்று நிமிஷ நடை" என்று எழுதியிருந்தார். பொய் சொல்லவில்லை. எந்தப் பாதையில் நடை என்று நான் கேட்கவில்லை. பாலியில் உபுத் என்ற ஊர்ப் பக்கத்தில் கார் ஒரு கோயில் மதிலோரம் நின்றது. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வயலைக் காட்டினார். நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் போகிற அகலத்துக்குச் சிமென்ட் பூசிய வரப்பு. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல், தூறல் வேறு. மூன்று பெரிய பெட்டி, ஆறு பை, ஒரு தூங்கும் குழந்தை. சக்கர வண்டிப் பெட்டியை இழுத்த எங்க வீட்டுக்காரர் பத்தடியில் ஒரு காலை வயலில் விட்டார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார், ஒரு பெட்டியைத் தலையில் ஏற்றினார், விறுவிறுவென்று போய்விட்டார். திரும்பி வந்து இன்னொன்று. எழுபது வயசு மனுஷர் மூன்று நடை நடந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், இறங்கியதிலிருந்து முதல் தடவையாக முகம் மலர்ந்திருந்தது.

ஆகவே வில்லாக்காரரிடம் பதிவுக்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள்: கார் வாசல் வரை வருமா, எத்தனை படிக்கட்டு, அடுப்பில் கேஸ் இருக்குமா, சோறு வைக்கும் பாத்திரம் எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு உள்ளே விடுவீர்கள். பெரும்பாலும் மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் விடுவார்கள். கேள்விக்குப் பதிலே வராத வீட்டை விட்டுவிடுங்கள். "தளத்துக்குள்ளே வேண்டாம், வாட்ஸ்அப்பில் வாங்க, நேரா பேங்க்ல போட்டா பத்து சதவீதம் குறைச்சுக்கிறேன்" என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அந்த வீடே இல்லாமல் இருக்கும், அல்லது இன்னொருத்தர் வீட்டுப் படமாக இருக்கும். படத்தை எடுத்து இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பார்த்தால், அதே குளம் வேறு ஊர்ப் பெயரில் நிற்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது தப்பு, விசா. இந்தோனேசியா நமக்கு வந்திறங்கியதும் விசா தருகிறது, தலைக்கு 5 லட்சம் ருபியா. பாலித் தீவுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரி தனியாக ஒன்றரை லட்சம் ருபியா. லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம், கடைசி மூன்று பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்தால் பெருக்கினால் கிட்டத்தட்ட நம் ரூபாய் வந்துவிடும். நான் பெரியவர்கள் ஆறு பேருக்குக் கணக்குப் போட்டேன். பிள்ளைகளுக்கு எதற்கு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். மூன்று வயசுக்கும் முழுக் கட்டணம்தான். பத்தாயிரம் ரூபாய் பட்ஜெட்டில் ஓட்டை. பதினேழு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவள் என்று தம்பி இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

போகும் காலம் பற்றி ஒரு வார்த்தை. பாலியில் நவம்பர் முதல் மார்ச் வரை மழை. ஏப்ரலுக்குப் பிறகு நல்லது, நம் பள்ளி விடுமுறைக்கும் பொருந்தும். பெரும்பாலும் மார்ச்சில் அவர்களுக்கு ஞெபி என்று ஒரு நாள் வரும். 'சக' என்கிற அவர்களுடைய ஆண்டுக் கணக்கில் வருஷப் பிறப்பு. அன்றைக்கு இருபத்துநாலு மணி நேரம் யாரும் வெளியே வரக்கூடாது, விளக்குகூட அடக்கித்தான் வைக்க வேண்டும், விமான நிலையமே மூடிவிடுவார்கள். டிக்கெட் போடும்முன் அந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் ஓட்டும் எண்ணமிருந்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிப் போங்கள், கட்டணம் ஆயிரம் ரூபாய். அது இல்லாமல் விழுந்து எழுந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும்.

கார்டு தேய்க்கும்போது மெஷினில் "ரூபாயிலா, ருபியாவிலா" என்று கேட்டால் அந்த ஊர்க் காசையே அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவன் தன் இஷ்டத்துக்கு மாற்று விலை போடுவான். டூர் பேக்கேஜாக ஏஜென்டிடம் மொத்தமாக வாங்கினால் டிசிஎஸ் என்று வரி பிடிப்பார்கள், சதவீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. அது உங்கள் பான் எண்ணில் ஏறும், திரும்பவும் கிடைக்கும். ஆனால் விவசாய வருமானம்தானே என்று வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத நம் ஆட்கள் பலர் அந்தக் காசை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கணக்குக் கொடுத்தால்தான் வரும். கொடுங்கள்.

நாங்கள் வில்லாவில் ஐந்து ராத்திரி இருந்தோம். பிள்ளைகள் குளத்தைவிட்டு ஏறவில்லை. அப்பா குளத்தின் பக்கமே போகவில்லை. விடிந்ததும் வரப்பில் போய் உட்கார்ந்துவிடுவார். முதல் நாள், "நம்மூர்ல பாமணியாத்தங்கரையில சும்மா பார்க்கறத இங்க வந்து காசு குடுத்துப் பார்க்கறோமே" என்று சிரித்தார். இரண்டாம் நாள் வயல்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இந்தோனேசிய மொழி தெரியாது. இருவரும் மடையைக் காட்டி, மண்ணைக் கையில் எடுத்து, கதிரை உருவிப் பல்லில் கடித்துக் காட்டிப் பேசினார்கள். வயல் மூலையில் மூங்கிலில் சின்னதாக ஒரு மாடம், அதில் பூவும் ஒரு பிடிச் சோறும். நெல்லுக்கு அங்கே தேவி ஸ்ரீ என்று ஒரு சாமி. அறுத்த வயலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது, நம் ஊரில் மாசியில் மேய்கிற மாதிரியே.

அங்கே சுபக் என்று ஒரு நீர்முறை இருக்கிறது. மேல் வயல்காரன் கீழ் வயல்காரனுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பதை அந்தப் பாசனக்காரர்கள் கூடி, நீர்க்கோயிலை வைத்து முடிவு செய்கிறார்கள். யுனெஸ்கோ 2012-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. போனில் படித்து அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இங்க கடைமடைக்காரன் சண்டை போட மாட்டானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து இறங்கிய அன்றைக்குத் திருச்சி விமான நிலைய வாசலிலேயே டெம்போ டிரைவரிடம் அவர் கேட்டது, மேட்டூரில் எத்தனை அடி நிற்கிறது, ஜூன் 12-க்குத் திறப்பார்களா என்பதுதான்.

அடுத்து யாழ்ப்பாணம் என்று பேச்சு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள், நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. எங்கள் வாசலிலிருந்து துறைமுகம் ஒன்றரை மணி நேரம்தான். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் ஓடாது, அதனால் தைக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன். அம்மாவுக்குக் கப்பல் என்றதுமே தலை சுற்றுகிறது.

இதற்கிடையில் அப்பா சாயங்காலமானால் கடைக்கு வந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்காருகிறார். போன வாரம் வடுவூர்ப் பையன் ஒருவன் போனை நீட்டினான். அதே மாதிரி குளம், அதே மாதிரி ஊஞ்சல். நான் வாயைத் திறக்கும்முன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கார் வாசல் வரைக்கும் வருதான்னு மொதல்ல கேளு."